கிருமி நீக்கிய கடிதங்கள்

அஞ்சல் சேவையகத்துக்கு எந்த வைரஸ் தடுப்பு மென்பொருளை வாங்குவது என்று முடிவு செய்யத்தான் அன்றைக்குக் கூட்டம். இந்த மாதிரிக் கூட்டங்களில் வழக்கமாக வடை நன்றாக இருக்கும், பேச்சு மோசமாக இருக்கும். அன்று வடையை யாரும் தொடவில்லை. போன மாதம் இன்னொரு நிறுவனத்தின் மிதவையில் ஒருவன் செத்துப்போயிருந்தான். அவனைக் கொன்றது அவனுக்கு வந்த கடிதங்கள்.

மிதவை என்றால் நடுக்கடலில் காற்றாலைகளைத் தாங்கி நிற்கும் இரும்புத் தீவு. தூத்துக்குடியிலிருந்து படகில் போனால் அரைநாள் ஆகும். ஆறு மாதம் அங்கேயே வேலை, பிறகு கொஞ்சநாள் வீடு. தொலைபேசி கிடையாது. அடுத்தவர் குரலைக் களவாடிப் பேசும் கூட்டம் பெருத்துப்போய், பெற்ற தாயின் குரலைக்கூட நம்பமுடியாது என்று ஆனபிறகு, இந்த மாதிரி இடங்களுக்கு நேரடிப் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். மிஞ்சியது எழுத்து. ஜனங்கள் மறுபடியும் கடிதம் எழுதப் பழகிக்கொண்டார்கள். 'நலம், நலமறிய ஆவல்' என்று கிண்டலாக ஆரம்பித்தவர்கள் பிறகு நிஜமாகவே அப்படி எழுதினார்கள். எல்லாக் கடிதமும் தூத்துக்குடி அலுவலகத்துச் சேவையகம் வழியாகத்தான் மிதவைக்குப் போகும். அதைப் பார்த்துக்கொள்கிறவள் பெனிட்டா.

நாற்பதைத் தாண்டியவள், திரேஸ்புரத்துக்காரி. மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள் என்று அலுவலகத்தில் கொஞ்சம் பயம் உண்டு. அவள் கணினித் திரையின் ஓரத்தில் அம்மாவின் நினைவு அட்டை ஒட்டியிருக்கும். ஒரு படம், பிறந்த தேதி, இறந்த தேதி, கீழே சின்னதாக ஒரு ஜெபம். அவர்கள் வீட்டில் இறந்துபோன அத்தனை பேரின் அட்டையும் வேதாகமத்துக்குள் பத்திரமாக இருக்கும். யாருடைய நினைவும் தொலைந்துபோகக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

"வைரஸ்னா கடிதத்தோட ஏதாச்சும் ஒட்டிக்கிட்டு வரும். வெறும் எழுத்து எப்படிம்மா ஆளைக் கொல்லும்?" என்று கேட்டார் மேலாளர் தாணுமாலயன். நாகர்கோவில்காரர். நல்ல மனிதர்தான், தலைமையகத்திலிருந்து யாராவது கூப்பிட்டால் மட்டும் வேறு மனிதராகிவிடுவார்.

"இதுல ஒண்ணுமே ஒட்டியிருக்காது சார். வெறும் வாக்கியந்தான்" என்றாள் பெனிட்டா. "அந்தப் பையனுக்கு மாசக்கணக்கா கடிதம் வந்திருக்கு, பொண்டாட்டி எழுதுற மாதிரியே ஏதோ ஒரு இயந்திரம் எழுதுனது. திட்டு கிடையாது, மிரட்டல் கிடையாது. 'நீங்க இல்லாமயும் இங்க எல்லாம் நடக்குது'ன்னு ஒவ்வொண்ணுலயும் ஒரு வரி. அவ்வளவுதான். நிசப் பொண்டாட்டி எழுதுனது எதுவும் அவன் கைக்குப் போகாமப் பாத்துக்கிட்டிருக்கு. கடைசியில கோபுரத்து உச்சியில நின்னு இடுப்புக் கொக்கியைக் கழட்டிட்டான்."

"இதுல யாருக்கு என்ன லாபம்?"

"ஆளு செத்தா விசாரணைன்னு மிதவை நின்னுரும். நின்னா கரண்டு விலை ஏறும். ஏறப்போவுதுன்னு முன்னாடியே தெரிஞ்சவனுக்கு லாபம்."

தாணுமாலயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு என்ன செய்வார்?

மூன்று மென்பொருள்கள் போட்டியில் இருந்தன. முதலாவது, இயந்திரம் எழுதிய வாசனை அடித்தாலே கடிதத்தைத் தூக்கி எறிந்துவிடும். சோதித்துப் பார்த்தார்கள். ஊரில் எல்லாரும் வாயால் சொல்ல இயந்திரம்தான் எழுதித் தருகிறது, அதனால் அத்தனை கடிதமும் குப்பைக்குப் போனது. தப்பிப் பிழைத்தது ஒருவன் தன் மச்சானைத் திட்டி எழுதியிருந்தது மட்டும்தான். இயந்திரத்துக்கு அப்படித் திட்ட வராது.

இரண்டாவது, சந்தேகமான கடிதத்தை ஒதுக்கி வைக்கும். நல்லதா கெட்டதா என்று ஒரு மனிதர் உட்கார்ந்து வாசித்துச் சொல்லவேண்டும். பெனிட்டாவுக்கு இதுதான் பிடித்தது.

"நானே உக்காந்து வாசிக்கேன் சார்."

"புருசன் பொண்டாட்டிக்குள்ள எழுதிக்கிடுகத நீங்க உக்காந்து வாசிப்பியளா? விசயம் வெளிய தெரிஞ்சா அவனுவ என்னையில்லா செருப்பால அடிப்பானுவ!"

அதில் நியாயம் இருந்தது. அவளுக்கே நினைக்கக் கூசியது. அந்த நேரம் பார்த்துத்தான் மூன்றாவது மென்பொருளைக் கொண்டுவந்திருந்த அஸ்வத் தொண்டையைக் கனைத்தான். சென்னைப் பையன், இஸ்திரி கலையாத சட்டை. அவன் மென்பொருளின் பெயர் 'தெளிவு'.

"எங்களோடது எந்தக் கடிதத்தையும் இன்னொரு மனுஷன் கண்ணுல காட்டாது மேடம். படிக்கிறவங்க கிட்டேயே கத்துக்கும். வாயில ஏதாவது கசந்தா துப்பிடறோம்ல? அதே மாதிரிதான். ஒரு கடிதத்தைப் படிச்ச கையோட ஒருத்தர் அழிச்சுட்டார்னா, அதுல அவருக்கு வேண்டாத ஏதோ இருக்கு. ஒருத்தர் ரெண்டு பேர் செஞ்சா விட்டுடலாம். ஒரே விதமான கடிதத்தை எல்லாரும் படிச்சவுடனே அழிக்கறாங்கன்னா அது கிருமிதான். உங்க பழைய அஞ்சல் முழுக்க குடுங்க, அதுவே படிச்சுத் தெரிஞ்சுக்கும்."

"முழுக் கடிதத்தையும் நிறுத்திருமா?" என்று கேட்டாள் பெனிட்டா.

"சே சே. கெட்ட வரியை மட்டும் எடுத்துட்டு மீதியைக் குடுத்துடும். எடுத்த வரி ஒரு பெட்டகத்துல இருக்கும். யாருக்கு வந்துதோ அவரே நேர்ல வந்து விரல் வெச்சாத்தான் திறக்கும். நகல் எடுக்க முடியாது, அச்செடுக்க முடியாது, படமும் பிடிக்க முடியாது. விஷத்தை யாராவது நகல் எடுப்பாங்களா மேடம்?"

"அனுப்புனவங்களுக்குத் தகவல் போவுமா?"

"போகாது. 'உன் கடிதத்தைப் பிடிச்சுட்டோம்'னு எதிரிக்கே போய்ச் சொல்லலாமா?"

எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது. அடுத்த வீட்டுக் கடிதத்தை வாசிக்கவேண்டியதில்லை என்ற நிம்மதிதான் பெனிட்டாவைக் கையெழுத்துப் போட வைத்தது. நல்ல எண்ணம். நல்ல எண்ணத்தோடு செய்த காரியத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அதுதான் தொல்லை.

தெளிவு பிரமாதமாக வேலை செய்தது. மிதவை ஆட்கள் முன்னைவிடக் கலகலப்பாக இருக்கிறார்கள், நன்றாகத் தூங்குகிறார்கள், சண்டை குறைந்துவிட்டது என்று படகுக்காரர்கள் வந்து சொன்னார்கள். இன்னொன்றும் நடந்தது. அவசர விடுப்பு கேட்டு மிதவையிலிருந்து ஒருவர்கூட எழுதவில்லை. அத்தனை குடும்பங்களில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையா என்று ஒருவராவது யோசித்திருக்க வேண்டும். தாணுமாலயன் அதை ஒரு சாதனையாகத் தலைமையகத்துக்கு எழுதினார், அவர்களும் பாராட்டினார்கள்.

ஐப்பசி மழை முடிந்து படகு வந்தபோது இசக்கிராஜ் கரையிறங்கினான். காற்றாலை இறக்கை பழுது பார்க்கிறவன், ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்கு வேட்டி, தங்கை முத்துப்பேச்சிக்குச் சேலை, கொஞ்சம் கருவாடு என்று பையை நிரப்பிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினான். வீட்டு வாசலில் நின்று "அப்பா" என்று கூப்பிட்டான்.

முத்துப்பேச்சி வெளியே வந்து அவனையும் பையையும் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்தான் அவனை ஓரமாகக் கூட்டிக்கொண்டுபோய், அப்பா இறந்து பதினாறும் முடிந்துவிட்டது என்ற விவரத்தைச் சொன்னார்.

அப்பா இறந்த அன்றே முத்துப்பேச்சி கடிதம் அனுப்பியிருந்தாள். ஒரே மகன், அவன்தான் கொள்ளி வைக்கவேண்டும். உடலைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அவனிடமிருந்து பதிலும் வந்தது. கூடியிருந்த சொந்தக்காரர்களுக்கு நடுவே அவள் அதை உரக்க வாசித்தாள்.

'கண்மாய் பெருகினது கேட்டு ரொம்ப சந்தோசம். அப்பா விரால் பிடிக்கப் போயிருப்பாரே! எனக்கும் ஒரு பங்கு கருவாடு போட்டு வை. அப்பாவைக் கேட்டதாகச் சொல்லு.'

பெட்டிக்குள் அப்பா இருந்தார். வாசித்து முடித்தபோது அந்த வீட்டில் ஒருவரும் அழவில்லை, அழுகையே நின்றுவிட்டது. அவள் மறுபடி எழுதினாள், கெஞ்சி எழுதினாள், பிறகு வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டி எழுதினாள். அதற்கும் 'எல்லாரும் சாப்பிட்டீர்களா' என்ற மாதிரியே பதில் வந்தது. அலுவலகத்துக்குப் போன் செய்தால், செய்தி எதுவானாலும் கடிதமாகவே அனுப்பவும் என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. இனிமேலும் வைத்திருக்க முடியாது என்றானபோது சித்தப்பா மகனைக் கொள்ளி வைக்கச் சொன்னார்கள்.

சம்பளத்துக்கு ஆசைப்பட்டுச் சாவுக்கு வராதவன் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. ஊர் கிடக்கட்டும், தங்கை அப்படி நினைக்கிறாளே என்பதைத்தான் அவனால் தாங்கமுடியவில்லை.

அவன் பெனிட்டாவின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றபோது கத்தவில்லை, சண்டை போடவில்லை. வந்த கடிதத்தை அவளிடம் காட்டினான். 'அண்ணே, கண்மாய் பெருகிக் கிடக்கு. வண்டிப்பாதை எல்லாம் தண்ணி.' அவ்வளவுதான் இருந்தது.

"என் தங்கச்சி இதுல வேற எழுதியிருக்காக்கா. அது எனக்கு வரவே இல்ல. சாமி சத்தியமாச் சொன்னாலும் அவ நம்ப மாட்டேங்கா. அந்த வரி எங்க இருக்குன்னு நீங்கதான் காட்டணும். அவ கண்ணால பாத்தாப் போதும்."

பெனிட்டா அவனை உட்காரச் சொன்னாள். நேராகத் தாணுமாலயன் அறைக்குப் போனாள். அவர் கேட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்தினார்.

"இது வெளிய போச்சுன்னா எத்தனை வீடு கேட்டு வரும், யோசிச்சியளா?"

"எத்தனை வீடுன்னு எனக்குத் தெரியலயே சார், அதுதான் பயமா இருக்கு. பெட்டகத்துல யார் பேர்ல எத்தனை வரி கிடக்குன்னுதான் என்னால பாக்கமுடியும். என்ன வரின்னு பாக்கமுடியாது."

"மென்பொருளை நிறுத்திட்டா?"

"நிறுத்துனா நாளைக்கே இன்னொருத்தன் கொக்கியைக் கழட்டுவான்."

அவர் மறுபடியும் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். பெனிட்டா அங்கிருந்தபடியே அஸ்வத்தைக் கூப்பிட்டாள். அவன் குரலில் பதற்றமே இல்லை.

"எங்க மென்பொருளுக்குச் சாவுன்னா என்னன்னே தெரியாது மேடம். நாங்க எதையும் சொல்லித் தரலை. உங்க ஆளுங்க எதைத் தூக்கிப் போடறாங்களோ அதைத்தான் அது பிடிக்கும். சாவுச் சேதி வேண்டாம்னு அவங்களேதான் சொல்லியிருக்காங்க."

"தகப்பன் செத்த சேதியை எவன்டா வேண்டாம்பான்?" என்று கத்தினாள் அவள்.

"கணக்கு அப்படித்தான் சொல்லுது மேடம். வேணும்னா எழுதி அனுப்புங்க, பார்க்கறோம்."

அவள் போனை வைத்தாள். சாவுச் செய்தியை வாசித்த மனிதர்கள் அதை என்ன செய்வார்கள் என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. அவள் வீட்டில் அதை எடுத்துப் பத்திரப்படுத்துவார்கள்.

முத்துப்பேச்சியை அழைத்துவர பெனிட்டாவே ஓட்டப்பிடாரத்துக்குப் போனாள். ஒரு பகல் முழுக்கப் பேசியபிறகு அவள் வர ஒத்துக்கொண்டாள். ஆனால் அண்ணனோடு ஒரே அறையில் நிற்கமாட்டேன் என்றாள். அலுவலக வாசலில் காவலாளியின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

"அவன் முதல்ல தொறக்கட்டும். நான் எழுதுனது அதுக்குள்ள இருக்குன்னா கூப்பிடுங்க, வாரேன். இல்லன்னா இப்படியே பஸ் ஏறிருவேன். அதுக்கப்புறம் எனக்கு அண்ணன்னு யாரும் இல்ல."

மேலே இசக்கிராஜ் திரைக்கு முன்னால் உட்கார்ந்தான். விரலை வைத்தான். பெட்டகம் திறந்தது. 'அகற்றப்பட்ட வரிகள்' என்ற தலைப்புக்குக் கீழே, முத்துப்பேச்சி எழுதிய தேதியோடு, அந்த எழுத்துகள் இருந்தன.

'அப்பா இன்னைக்கு விடியக்காலம் தவறிட்டாங்க. பெட்டியில வச்சிருக்கோம். நீ வந்துதான் எடுக்கணும். பெரிய பாலம் வழியா வா.'

கெஞ்சியும் திட்டியும் அவள் பின்னால் எழுதியவை அதன் கீழே வரிசையாக இருந்தன. எல்லாம் இருக்கிறது! பெனிட்டாவுக்கு உயிர் வந்தது. "இருங்க, நான் போய்க் கூப்பிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினாள். வாசலில் நின்று முத்துப்பேச்சியைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அவள் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நம்பலாமா வேண்டாமா என்ற முகத்தோடு படியேறி வந்தாள்.

அவர்கள் அறைக்குள் நுழைந்தபோது திரை வெறுமையாக இருந்தது.

"எங்க?" என்றாள் முத்துப்பேச்சி.

இசக்கிராஜ் திரும்பவில்லை. தன் வலதுகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெனிட்டா பாய்ந்துபோய் விசைகளைத் தட்டினாள். அழித்த வரியைத் திரும்பக் கொண்டுவரும் வழி எதுவும் அதில் இல்லை. விஷத்தை யாரும் திரும்பக் கேட்கமாட்டார்கள் என்றுதான் அதைச் செய்தவர்கள் நினைத்திருந்தார்கள்.

"என்ன செஞ்சிய? ஏன் அழிச்சிய? அதுதான உங்களுக்கு இருந்த ஒரே சாட்சி!"

"தெரியலக்கா" என்றான் அவன். "வாசிச்சேன். ஒண்ணொண்ணா வாசிக்க வாசிக்கக் கை தன்னால போயிட்டு. எழவுச் சேதில்லா? வாசிச்சதும் கிழிச்சுப் போட்டுரணும். வச்சிருக்கக் கூடாது. வச்சிருந்தா வீட்டுக்கு ஆகாது. சின்னப்பிள்ளையில இருந்து பாத்துப் பாத்து... நாங்க எல்லாரும் அப்படித்தான் செய்வோம். மிதவையில யாருக்கு எழவுச் சேதி வந்தாலும் வாசிச்ச கையோட அழிச்சிருவோம்."

பெனிட்டாவுக்கு அப்போதுதான் அந்தக் கணக்கு புரிந்தது. எல்லாரும். ஒவ்வொரு முறையும். பழைய அஞ்சல் முழுவதையும் தெளிவு படித்திருக்கிறது. மனைவியின் கோபத்தை அழிக்காதவன், கடன்காரனின் மிரட்டலை அழிக்காதவன், சாவுச் செய்தியை மட்டும் ஒருவன் பாக்கியில்லாமல் வாசித்தவுடன் அழித்திருக்கிறான். அதைவிடப் பெரிய கிருமி அதற்கு எப்படித் தெரிந்திருக்கும்? திரையின் ஓரத்தில் அம்மாவின் நினைவு அட்டை இருந்தது. அதைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

முத்துப்பேச்சி அண்ணனுக்கு அருகே வந்து நின்றாள். வெற்றுத் திரையைப் பார்த்தாள். அவன் கையைப் பார்த்தாள். இசக்கிராஜ் நிமிரவில்லை.

"இப்பவா அழிச்ச?" என்று கேட்டாள்.

அவன் தலையாட்டினான்.

"அன்னைக்கே உன் கைக்கு வந்திருந்தா அன்னைக்கே அழிச்சிருப்பியேண்ணே. இன்னைக்கு அழிக்கதுக்கு மிச்சம் இருந்திருக்காதே." அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. "நீ வாசிக்கவே இல்லையே! எங்கண்ணன் வாசிக்கவே இல்லையே! நான் பாவி என்னவெல்லாம் எழுதுனேன்!"

தரையில் சரிந்து உட்கார்ந்தாள். அப்பா போன அன்று பாதியில் நின்ற அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது. இசக்கிராஜும் நாற்காலியிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, பிள்ளையைப்போல் அழுதான். தாணுமாலயன் அறையிலிருந்து வெளியே வந்து பார்த்துவிட்டு அங்கேயே நின்றார்.

திரையில் ஒரு வாசகம் தோன்றியது.

'நன்றி. இவ்வகை வரிகள் உங்களுக்கு வேண்டாதவை என்பது உறுதியாகிவிட்டது. இனி இன்னும் கவனமாகத் தடுப்போம்.'

அதற்குக் கீழே, பெட்டகத்தில் புதிதாக ஒரு பெயர் வந்து சேர்ந்தது. கொம்பையா, மிதவையின் சமையல்காரர். ஒரு கடிதம், மூன்று வரிகள் அகற்றப்பட்டன. மீதி அவருக்கு இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும்.

என்ன வரிகள் என்று பெனிட்டாவுக்குத் தெரியாது. நிஜமாகவே விஷமாக இருக்கலாம். இல்லாவிட்டால் எங்கோ ஒரு வீட்டில் குளிர்பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கலாம். அவரைக் கரைக்குக் கொண்டுவந்து விரலை வைக்கச் சொல்லாமல் தெரிந்துகொள்ள வழியில்லை. அவள் மேலாளரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவள் படகுத்துறைக்குப் போன் செய்தாள்.

"மிதவைக்கு இப்பவே ஒரு படகு போகணும் அண்ணாச்சி. சமையல்காரர் கொம்பையாவைக் கூட்டிட்டு வரணும்."

"இப்பமா? கடல் ஒரு மாதிரி கெடக்கே. என்ன விசயம்னு சொல்லிக் கூப்பிட? சும்மா வாரும்னா வருவாரா?"

"வீட்டுல இருந்து கடிதம் வந்திருக்குன்னு..." என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் என்ன சொல்வது என்று தெரியாமல் நிறுத்தினாள்.

பின்னால் முத்துப்பேச்சி 'அப்பா, அப்பா' என்று அழுதுகொண்டிருந்தாள். அது போனில் கேட்டிருக்க வேண்டும்.

"சரிம்மா," என்றார் படகுக்காரர். "நானே போறேன். நானே சொல்லிக்கிடுதேன்."